காணிக்காரர் ஊரில் நான் மூடி வைத்த நோட்டு



நான் படித்தது பி.காம்., உட்கார்ந்தது முப்பத்துநான்கு வருஷம் வங்கிக் கவுன்ட்டரில். எங்கே போனாலும் எனக்கு வரவு செலவுதான் கண்ணில் படும். போன மாதம் வனத்துறை அனுமதியோடு, அகத்தியமலையின் கேரளப் பக்கம் கோட்டூரை ஒட்டிய காட்டில் ஒரு காணிக்காரர் குடியிருப்புக்குப் போய் வந்தேன். நம் பாபநாசம் மலையிலும் இதே மக்கள் இருக்கிறார்கள்.

போகும் முன்பே ஒரு விஷயம் படித்திருந்தேன். 1987இல் தாவர ஆராய்ச்சியாளர்கள் சிலர் இந்த மலையில் ஏறினார்கள். அவர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிய காணிக்காரர்களோ ஒரு சிறு காயை மென்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். துருவிக் கேட்ட பிறகு, தயங்கித் தயங்கித்தான் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. அதோடு வேறு மூலிகைகளும் சேர்த்து, பாலோடு தாவரவியல் பூங்காவில் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1995இல் அதன் தயாரிப்பு உரிமத்துக்கு 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு. அதற்காக 1997இல் ஓர் அறக்கட்டளை பதிவானது. பணம் வந்து சேர்ந்தது 1999இல்.

கணக்கு நேராக இருக்கிறதே என்று சந்தோஷத்தோடுதான் போனேன்.

அங்கே ஒரு பாட்டியம்மா கட்டன் சாயாவும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தந்தார். நான் நோட்டைத் திறந்து, "அம்மா, முட்டிவலிக்கு எந்த இலை?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அது பிலாத்தி சொல்லணும்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். பிலாத்தி என்பவர் அவர்களுடைய வைத்தியர். மருந்தறிவு வழிவழியாக அவரிடம் இருப்பது, எல்லோரிடமும் சொல்வதல்ல. ஜீவனி விஷயத்திலேயே சில பிலாத்திகள் அன்று எதிர்ப்புத் தெரிவித்தார்களாம்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒருவர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று இன்னொருவரிடம் ஒருநாளும் சொன்னவன் இல்லை நான். இங்கே வந்து சாயா குடித்துக்கொண்டே அவர்கள் லாக்கரைத் திறக்கச் சொல்கிறேன்! நோட்டை மூடி வைத்தேன். அதன் பிறகுதான் பேச்சு கலகலப்பானது. யானை வரும் வழி, தேன் எடுக்கும் காலம், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் நடக்கும் தூரம் என்று அவர்களே நிறையச் சொன்னார்கள்.

நம் குடியிருப்பிலிருந்து ஒரு குழு அங்கே போகலாம் என்று சங்கச் செயலாளர் சொன்னார். தாராளமாகப் போங்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். தேன் வாங்கினால் பேரம் பேசாதீர்கள். மூலிகையைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாகத் துருவாதீர்கள். முட்டிவலிக்கு நம் தெருமுனை டாக்டரே போதும்.