மேடைக்குப் பின்புறம் படிக்க விரும்பும் மாணவருக்கு

ஒளியமைப்பு, ஒலியமைப்பு, காட்சியமைப்பு, உடை, ஒப்பனை, மேடைப்பொருள் என்று நடிப்புக்கு வெளியே நாடகத்தில் நடைபெறும் பணிகள் அனைத்தும் அரங்கத் தொழில்நுட்பம் என்ற பெயரில் அடங்கும். இப்பணிகளை ஒன்றோடொன்று கோத்து, ஒத்திகை தொடங்கிய நாள் முதல் கடைசிக் காட்சி முடிந்து தட்டிகள் லாரியில் ஏறும் வரை பொறுப்பேற்பது மேடை நிர்வாகம் எனப்படும். நாட்டரசன்கோட்டையிலோ அதைச் சுற்றியுள்ள சிவகங்கை, காரைக்குடி வட்டாரத்திலோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இத்துறையை நாடும் மாணவரும், அவர் பெற்றோரும் முதலில் அறிய வேண்டியது ஒன்று உண்டு: இப்பெயரில் தனியான இளநிலைப் பட்டம் தமிழ்நாட்டில் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே இதற்கான வழியைப் பெரும்பாலும் மாணவரே இரண்டு மூன்று துண்டுகளாகச் சேர்த்து அமைத்துக்கொள்ள வேண்டியுள்ளது.

மேடை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. கம்பர் சமாதி இருக்கும் ஊர் என்பதால், சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழாவின் நிறைவு நாள் நாட்டரசன்கோட்டையிலேயே நடைபெறுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன் தம் படப்பிடிப்புக் கூடத்தைக் காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவுக்குக் கொண்டுவந்தார். 1947இல் வெளியான ‘நாம் இருவர்’ படம் அங்கே உருவானது. எனினும் மாணவருக்கு மிக அருகில் இருப்பது, கோயில் திருவிழாக்களில் நடைபெறும் ஸ்பெஷல் நாடகம்தான். இரவு பத்து மணிவாக்கில் நகைச்சுவை நடிகரான பபூன் மேடையேறி, விடியும் வேளையில் வள்ளி திருமணம் முடியும் இந்த நாடகத்தில் ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் என ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்படுகின்றனர். அவர்கள் சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. சிலர் அன்றிரவுதான் ஒருவரையொருவர் சந்திக்கின்றனர். ஆயினும் நாடகம் தடையின்றி நடப்பதற்குக் காரணம், கதையின் வரிசை, பாடல்கள், எந்தக் கட்டத்தில் யார் எப்பக்கத்திலிருந்து வருவது என்பவை அனைத்தும் மரபால் உறுதிப்பட்டு எல்லோருக்கும் மனப்பாடமாகியிருப்பதே. நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் கூட்டத்தின் உற்சாகத்துக்கேற்ப நீளும் அல்லது சுருங்கும். அதற்கு நேரம் குறித்து அடுத்த காட்சிக்கு ஆணையிடுபவர் எவருமில்லை. மேடை நிர்வாகி செய்ய வேண்டிய வேலையை இங்கே மரபே செய்துவிடுகிறது. இது பெரும் திறமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதைப் பார்த்து வளர்ந்த மாணவர், மேடைத் தொழிலில் தமக்கு எல்லாம் தெரியும் என்று கருதினால், அவர் கற்காத பகுதி எதுவோ அதுவே கல்லூரியில் கற்க வேண்டிய பகுதியாகும்.

அப்பகுதியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மேடையின் ஓரத்தில், பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில், சிறு நீல விளக்கின் கீழ் மேடை நிர்வாகி ஒரு கோப்புடன் அமர்ந்திருப்பார். நாடகப் பிரதியின் ஒவ்வொரு பக்கமும் அதில் ஒட்டப்பட்டிருக்கும். எந்தச் சொல்லில் எந்த விளக்கு மாற வேண்டும், எந்த அடியில் மழையோசை எழ வேண்டும் என்பவை பக்க ஓரத்தில் எண்ணிட்டுக் குறிக்கப்பட்டிருக்கும். இக்குறிப்பு ஒவ்வொன்றையும் தொழிலில் இருப்போர் ‘கியூ’ என்பர். உரிய சொல்லுக்குச் சில வரிகள் முன்பே அவர் ஹெட்செட் வழியே “லைட் கியூ 14, ஸ்டாண்ட்பை” என்பார். ஒளிக்கருவி இயக்குபவர் ஆயத்தம் என்று மறுமொழி சொல்வார். அந்தச் சொல் வந்த கணத்தில் “கோ” என்ற ஒற்றைச் சொல் ஒலிக்கும். இயக்குநர் ஊரில் இல்லாவிடினும் நாற்பதாவது காட்சி முதற்காட்சி போலவே நடைபெறுவது இந்தக் கோப்பினால்தான்.

எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, ஒரு மாணவர் தம் படிப்புக் காலத்தில் எத்தனை நாடகங்களுக்கு இந்தக் கோப்பைத் தாமே எழுதி, தாமே இயக்குவார் என்பதாகும். கட்டடத்தின் அழகும் விளக்குகளின் எண்ணிக்கையும் இதற்கு அடுத்தவையே. சான்றாக, கொல்கத்தாவில் 1959இல் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகும் காட்சியைத் ஒளியமைப்பாளர் தாபஸ் சென் ஒளியாலேயே காட்டியபோது, இன்றைய கணினிக் கருவிகள் எவையும் இருக்கவில்லை. இரண்டாவது கேள்வி மின்சாரம் பற்றியது. 1000 வாட் மேடை விளக்கொன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும்; பத்து விளக்குகள் ஒருசேர எரிந்தால் 43 ஆம்பியர் ஆகும்; அதைச் சாதாரண வீட்டு இணைப்பு தாங்காது. இந்தக் கணக்கைப் போடவும், சுமையை மூன்று ஃபேஸ்களில் பிரிக்கவும், எர்த் இணைப்பைச் சோதிக்கவும் கற்றுத் தராத துறை, ஒளியமைப்பை ஓவியமாக மட்டும் கற்பிக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

நிறுவனங்களைப் பொறுத்தவரை, தமிழ் மாணவருக்கு மிக இயல்பான இடம் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளியாகும். எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதியின் முயற்சியில் 1988இல் உருவான இப்பள்ளி, ஸ்பெஷல் நாடக மேடையில் இன்றும் ஆடப்படும் வள்ளி திருமணம், பவளக்கொடி ஆகியவற்றை எழுதி, 1922இல் புதுச்சேரியிலேயே மறைந்தவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இங்கு நாடகம் முதுநிலைப் படிப்பு என்பதால், அதற்குமுன் ஏதேனும் ஒரு பட்டம் தேவை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறை, நாடக இயக்குநர் சே. இராமானுஜம் போன்றோர் பணியாற்றிய இடம். ஆய்வில் நாட்டமுள்ளவருக்கு அது பொருந்தும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனேயே நாடகம் படிக்க வேண்டுமென்று உறுதியாக இருப்பவர், நாடகாசிரியர் ஜி. சங்கரப் பிள்ளை 1977இல் திருச்சூரில் தொடங்கிய, கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாடகப் பள்ளியை நோக்கலாம். அங்கு நாடகத்தில் இளநிலைப் பட்டமும் உண்டு. ஆனால் மலையாளத்தில் ஒத்திகை நடக்கும் கூடத்தில் கியூ சொல்ல அம்மொழியைக் காதால் பிடிக்கும் திறன் வேண்டும்.

புதுதில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளி 1959இல் தொடங்கப்பட்டது. இதன் மூன்றாண்டுப் பட்டயத்தில் முதலாண்டு அனைவருக்கும் பொதுவானது. அதன்பின் நடிப்பு ஒரு பிரிவாகவும், வடிவமைப்பும் இயக்கமும் மற்றொரு பிரிவாகவும் பிரிகின்றன. மாணவருக்கு உதவித்தொகை வழங்கப்படுவதால் செலவுக் கவலை குறைகிறது. இடங்களோ மிகச் சில. பட்டமும், முன்பே நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும், இந்தி, ஆங்கிலப் பயிற்சியும் கேட்கப்படுகின்றன. வெளிநாட்டுப் படிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், தொழில்நுட்பத்தையும் மேடை நிர்வாகத்தையும் தனிப் பாடமாகப் பிரித்துக் கற்பிப்பதில் இலண்டனும் சிங்கப்பூரும் முன்னிற்கின்றன. எனினும் கடன் வாங்கிச் சென்று திரும்பும் மாணவருக்கு இந்திய மேடை அதற்கேற்ற சம்பளம் தருவது அரிது.

பன்னிரண்டாம் வகுப்புக்கும் முதுநிலை நாடகப் படிப்புக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் எந்தப் பட்டம் படிப்பது என்ற கேள்விக்குப் பலர் காட்சித் தொடர்பியலைப் பரிந்துரைக்கின்றனர். அப்படிப்பு பெரும்பாலும் கேமராவைச் சுற்றி அமைந்தது. மேடைக்கு அதில் இடம் மிகக் குறைவு. மின்னியலோ, கட்டடக்கலையோ, தமிழ் இலக்கியமோ படித்துக்கொண்டே, விடுமுறைகளில் மேடையருகே இருப்பது இதைவிட நன்று. பங்குனி முதல் ஆடி வரை இவ்வட்டாரத்துத் திருவிழாக்களுக்கு லைட், மைக்செட், சீன் வாடகைக்குத் தருவோர் ஆள் பற்றாக்குறையால் திணறுவர். அவர்களிடம் ஒரு பருவம் வேலை செய்பவருக்குக் கேபிள் சுருட்டுவது, படுதா கட்டுவது, ஜெனரேட்டர் நின்றுவிட்டால் பதறாமல் இருப்பது ஆகியவை தாமே படியும். அப்பருவத்தில் தாம் பார்த்த ஸ்பெஷல் நாடகமொன்றுக்கு நிமிடக் கணக்குடன் குறிப்பேடு எழுதி, யார் எப்போது எப்பக்கம் வந்தார், எந்தப் பாட்டில் விளக்கு மாறியது என்று பதிந்து வைப்பவர், நேர்காணலில் ஆசிரியர்முன் வைக்க உருப்படியான ஒன்றை உடையவராகிறார்.

வேலைவாய்ப்பு குறித்த பெற்றோரின் அச்சம் நியாயமானதே. நாடகத்தை மட்டும் நம்பி வாழ்வது தமிழ்நாட்டில் கடினம். ஆனால் கியூ சொல்லக் கற்றவரை இசைக் கச்சேரிகளும், தொலைக்காட்சி மேடை நிகழ்ச்சிகளும், நிறுவன விழாக்களும் தேடுகின்றன. நடிகை அருந்ததி நாக் முயற்சியில் 2004இல் திறக்கப்பட்ட பெங்களூரு ரங்க சங்கரா, தாமதமாக வருவோரை உள்ளே விடாத கண்டிப்புக்குப் பெயர்பெற்றது. அத்தகைய அரங்குகளில் பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிப்போர், தம் பட்டச் சான்றிதழின் நகலுடன் கியூ எழுதிய பிரதியின் சில பக்கங்களையும், ஒத்திகை அறிக்கை ஒன்றையும், விளக்குகள் தொங்கும் இடங்களைக் காட்டும் வரைபடத்தையும் இணைக்க வேண்டும். இம்மூன்றையும் முதலாண்டிலேயே மாணவரிடம் எழுதி வாங்கும் துறை எது என்பதை, சேர்க்கைக்கு முன் அங்கு நேரில் சென்று, மூத்த மாணவரின் கோப்புகளைப் புரட்டிப் பார்த்து அறிந்துகொள்ளலாம்.