இசையிலிருந்து எழுந்த மண்டபம்



கட்டடத்தை உறைந்த இசை என்பது மேலைநாட்டார் வழக்கு. உவமையளவில் நின்ற அதனைச் செயலாக்கிக் காட்டிய ஒருவரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். அவருடைய சிந்தனையின் சுவடு நாம் வாழும் இச் சண்டிகர் நகரிலும் உண்டு.

இயானிஸ் செனாக்கிஸ் கிரேக்கர், பொறியியல் பயின்றவர். ஏதென்ஸ் நகரப் போரில் ஒரு கண்ணை இழந்து, 1947-இல் பாரிசுக்குத் தப்பி வந்தார். நம் நகரை வகுத்த லெ கொர்பூசியேயின் பணிமனையில் பொறியாளராக அமர்ந்தார். இசையையும் விடாது பயின்றார். 1954-இல் அவர் முடித்த ‘மெட்டாஸ்டாசிஸ்’ என்னும் இசைப்படைப்பில் 46 தந்திக் கருவிகளுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. அவை சுரம் விட்டுச் சுரம் தாவாமல், இடையறாது வழுக்கிச் செல்லும். வீணையில் ஜாரு கேட்ட நம் செவிக்கு இது முற்றிலும் புதிதன்று.

அந்த வழுக்கல்களை அவர் தாளில் நேர்கோடுகளாக வரைந்தார். ஒவ்வொரு கோடும் நேரானது. சேர்த்து நோக்கினாலோ வளைந்த பரப்பு! 1958-இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்தின் மண்டபம் இவ்வழியிலேயே எழுந்தது. நேர்கோடுகளால் பிறந்த வளைவாதலின், 5 செ.மீ. தடிப்புள்ள கான்கிரீட் பலகைகளாலேயே அதன் சுவர்களை அமைக்க முடிந்தது. வடிவமைப்புக்குரிய பெருமை முதலில் தலைவருக்கே சென்றது. செனாக்கிஸ் வாதாடித் தம் பெயரையும் சேர்க்கச் செய்தார். மறு ஆண்டே மண்டபம் இடிக்கப்பட்டது; அவரும் பணிமனையை விட்டு நீங்கினார்.

ஆயினும் அவர் கருத்து இங்கே நிலைத்திருக்கின்றது. நம் சட்டமன்ற மாளிகையைக் காணும் வாய்ப்பு நேரும்போது, கண்ணாடிகளுக்கிடையே நிற்கும் மெல்லிய கான்கிரீட் தூண்களை உற்று நோக்குங்கள். அவை ஓரிடத்தில் நெருங்கும்; ஓரிடத்தில் விலகும். தாளத்தில் நடை விரைவதும் தளர்வதும் போன்ற அமைப்பு அது. பிரான்சிலுள்ள லா தூரெத் மடத்திலும் செனாக்கிஸ் இம்முறையையே கையாண்டார்.

இசையின் ஒலியை அவர் கல்லில் பதிக்கவில்லை. வீணை உருவில் வீடு கட்டவுமில்லை. சுரங்களுக்கிடையே உள்ள உறவை, இடைவெளியின் கணக்கை எடுத்துக் கட்டடத்தில் வைத்தார். இரண்டு கலைகளையும் அறிந்தவர்க்கே இது கைகூடும்.

தேர்வு நெருங்கியதும் வீணைக்கு உறையிட்டு மூலையில் சார்த்துவது நம் குடியிருப்பு இல்லங்களில் காணும் காட்சி. பொறியியல் வேண்டும், பிழைப்புக்கு அது துணை. ஆனால் பாட்டு அதற்குப் பகையன்று என்பதற்கு நம் ஊர் மாளிகையே சான்று. ஆகவே தாய்மார்களே, அவ்வுறையைச் சற்றே அகற்றி வையுங்கள்.