அரச நகரத்து விடுதிப் பள்ளி

அரச நகரமான குவாலா கங்சாருக்குப் போனால் உபுடியா பள்ளிவாசலைப் பார்ப்போம், லக்சா சாப்பிடுவோம், திரும்பிவிடுவோம். அங்கே திடலைப் பார்த்தபடி, உயர்ந்த தூண்களோடு ஒரு கட்டடம் நிற்கிறதே, கவனித்ததுண்டா? அதுதான் மலாய்க் கல்லூரி. ஊரார் வாயில் 'கோலேக்'.

நிர்வாகப் பதவிகளில் மலாய்க்காரர்கள் அருகியிருந்த காலத்தில், கல்வி அதிகாரி வில்கின்சன் சொன்ன யோசனைப்படி 1905இல் தொடங்கிய பள்ளி இது. முதல் தலைமையாசிரியர் ஹார்கிரீவ்ஸ், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலிருந்து வந்தவர். எளிய வீட்டுப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பது வில்கின்சனின் ஆசை. ஆனால் நெடுங்காலம் அரச, பிரபுக் குடும்பப் பையன்களுக்கே முதலிடம். 'கிழக்கின் ஈட்டன்' என்ற பெயர் சும்மாவா வந்தது? ரக்பி, விடுதிக் கட்டுப்பாடு, மூத்தவர்களுக்கு அடங்கி நடக்கும் வழக்கம் எல்லாம் ஆங்கிலேயப் பாணிதான்.

வரலாற்று ஆசிரியராக என் மாணவர்களை அங்கே அழைத்துப் போனேன். வாசலில் ஒருவன் கேட்டான்: "சார், நாங்க இங்க சேரலாமா?" மலாய் மாணவர்களுக்காகவே அமைந்த பள்ளி என்றேன். கூடவே ஒரு கதையும் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேனே!

1950களின் நடுவில் இங்கே ஜான் வில்சன் என்றொரு ஆங்கில ஆசிரியர் இருந்தார். 1956இல் அவருடைய முதல் நாவல் 'டைம் ஃபார் எ டைகர்' வந்தது. காலனி ஆட்சி அதிகாரிகள் சொந்தப் பெயரில் கதை எழுதுவதை அரசாங்கம் விரும்பாத காலம். அதனால் அட்டையில் 'ஆன்டனி பர்ஜஸ்' என்று போட்டுக்கொண்டார். பின்னால் உலகப் புகழ் பெற்றாரே, அவரேதான். அந்த நாவலில் வரும் மன்சூர் பள்ளியில் மலாய், சீன, இந்தியப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிறார்கள். தான் பாடம் நடத்திய பள்ளியில் காணாததைக் கதையில் உண்டாக்கிவிட்டார் மனிதர். அதைக் கேட்டதும் என் மாணவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு!

முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான், இரண்டாம் பிரதமர் துன் அப்துல் ரசாக், இன்றைய பிரதமர் அன்வார் எல்லாரும் இங்கே படித்தவர்களே. ஜப்பானியர் காலத்தில் மூடிய பள்ளி 1947இல் மீண்டும் திறந்தது. பழைய மாணவர் சங்கம் 1929 முதல் இருக்கிறது. பள்ளியின் கதை மறையாதிருக்க அதுவும் ஒரு காரணம்.

1877இல் ரப்பர் கன்றுகள் நட்டதும் இதே ஊரில்தான் நேயர்களே. அந்த ரப்பர்தான் நம் முன்னோரைத் தோட்டத்துக்கு அழைத்தது. உங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கும் வரலாறு உண்டு. பழைய படம், பதிவேடு ஏதேனும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பெரியவர்களைக் கேட்டு இந்த ஆண்டே எழுதிவையுங்கள்.