சங்கரதாஸ் சுவாமிகள்: பாட்டும் மெட்டும்



வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், கவிஞராக நாம் போதிய அளவு எண்ணிப் பாராத ஒருவரைப் பற்றிப் பேச விழைகின்றேன். அவர் நம் மாவட்டத்தவர். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு பிறந்தவர். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகளே அவர்.

அதே 1867-இல் பாரிஸ் மாநகரில், ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியத் கதை கூனோ என்பாரின் ஆப்பெராவாக அரங்கேறியது. ஆப்பெரா என்பது கதைமாந்தர் பெரிதும் பாட்டாலேயே உரையாடும் நாடகம். அக்கதையைச் சுவாமிகளும் பின்னாளில் தமிழ் மேடைக்கு ஆக்கினார், சிம்பலைனையும் ஆக்கினார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மேலைநாட்டில் பாட்டு எழுதுபவர் ஒருவர், இசையமைப்பவர் வேறொருவர் என்பதே பெருவழக்கு. சுவாமிகளிடத்தில் சொல்லும் இசையும் ஒரே நெஞ்சில் ஒருங்கே பிறந்தன.

பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்ற அவர், பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் இயற்றத் தொடங்கினார். சிலகாலம் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். 1891-இல் நாடக மேடை ஏறினார். எமன், சனீஸ்வரன், இராவணன், இரணியன் முதலிய வேடங்களில் கண்டோர் நடுங்கும்படி நடித்தார் என்பர். பின்னர் அரிதாரத்தைக் களைந்து ஆசிரியரானார்.

நடிகர் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசிய காலம் அது. சுவாமிகள் நாடகத்திற்கு நிலையான பாடம் தந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, இலவகுசா, நல்லதங்காள் என அவை பெருகின. 1910-இல் சமரச சன்மார்க்க சபையைத் தோற்றுவித்தார். செங்கோட்டை கிட்டப்பா அதிலே பயின்றவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே மாணவராயினர்.

அவ்வை டி. கே. சண்முகம் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். பிள்ளைகள் உறங்கிய ஓர் இரவில் சுவாமிகள் விளக்கடியில் எழுத அமர்ந்தார். விடிந்தபோது அபிமன்யு சுந்தரி நாடகம் பாட்டும் உரையாடலுமாக, அடித்தல் திருத்தல் இன்றி முடிந்திருந்தது. இதை விரைவு என்று வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. எந்தப் பாட்டை எந்தப் பிள்ளை பாடப் போகிறான், அவன் குரல் எவ்வளவு மேலே எழும், ஓர் அடியை ஒரே மூச்சில் பாடி முடிப்பானா என்பனவெல்லாம் நாள்தோறும் அப்பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தந்த ஆசிரியருக்குத் தெரியாதிருக்குமா? முத்துக்குளிப்போன் மூச்சின் அளவறிந்து மூழ்குவதுபோல, பாடுவோனின் மூச்சளவறிந்து அடியமைத்த புலவர் அவர். தாளில் எழுதித் தாளிலேயே முடித்துக்கொள்ளும் நமக்கு இஃது ஒரு பாடம்.

இவ்விடத்தில் ஒரு வினா எழும். அவர் மெட்டுகள் யாவும் அவருடையனவா? அல்ல. விருத்தத்திற்குரிய இராகங்களும், சிந்தும் கும்மியும், கீர்த்தனை மெட்டுகளும், அந்நாளில் பார்சி நாடகக் குழுவினர் வழியாகப் பரவிய இந்துஸ்தானி வர்ணமெட்டுகளும் அவர் பாட்டில் கலந்துள்ளன. இதனால் அவரை இசைப்படைப்பாளர் அல்லர் என்பார் உளர். அடியேன் அதற்கு உடன்படேன். எந்தச் சொல்லுக்கு எந்த மெட்டு, எந்த உணர்ச்சி வருமிடத்தில் விருத்தம் நின்று பாட்டுத் தொடங்கவேண்டும் என்று தேர்வதும் படைப்பே ஆகும்.

அத்தேர்வின் வலிமையை இன்றும் ஸ்பெஷல் நாடகத்தில் காணலாம். இராசபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் மற்றோர் ஊர். ஒத்திகை இல்லை. மாலையில் வந்து கூடி, விடிய விடிய வள்ளி திருமணம் நடத்திவிடுகின்றனர். எல்லார் நெஞ்சிலும் சுவாமிகள் பாட்டு மனப்பாடமாக இருப்பதனாலன்றோ இது இயலுகிறது?

ஆயின் கவலையும் இங்கேதான் உள்ளது. தில்லியில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் பரம் வீர் என்னும் இசையமைப்பாளர், தாகூரின் கவிதையொன்றை ஆப்பெராவாக்கி 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் அரங்கேற்றினார். அதன் இசை முழுதும் சுரக்குறிப்பாக எழுதப்பட்டுள்ளது. நூறாண்டு கழித்தும் எவரும் எடுத்துப் பாடலாம். சுவாமிகள் 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் மறைந்தார். நூறாண்டு கடந்துவிட்டது. அவர் எழுதியவற்றில் பாதிக்கும் குறைவான நாடகங்களே இன்று அச்சில் கைக்கு எட்டுகின்றன. அவற்றிலும் பாட்டின் தலைப்பில் இராகமும் தாளமும் குறித்திருக்கும். பாடும் முறையோ ஏட்டில் இல்லை. அது மூத்த நடிகர்தம் தொண்டையில் இருக்கிறது. ஒருவர் மறையும்போது சில மெட்டுகளும் உடன் மறைகின்றன.

எனவே, பத்தாண்டு நிறைவின் பணியாக ஒன்றை முன்மொழிகின்றேன். கோவலன் நாடகத்திலிருந்து தொடங்குவோம். பாண்டிமாதேவியின் சிலம்பில் பரலாக இருந்தது முத்து. அம்முத்துக்குப் பேர்பெற்ற கொற்கை நம் ஆத்தூருக்கு அண்மையில் உள்ளது. அந்நாடகத்தைப் பாடவல்ல முதியோரை இவ்வவைக்கு அழைப்போம். அவர்களுக்கு உரிய சன்மானம் அளித்துப் பாடச்செய்து ஒலிப்பதிவு செய்வோம். இசையறிந்தோர் சுரப்படுத்தட்டும், கவிஞராகிய நாம் பாடலைப் பாடபேதங்களோடு பெயர்த்தெழுதுவோம். ஆண்டுக்கு ஒரு நாடகம் முடிந்தாலும் போதும்.

சுவாமிகள் பிறந்த மாவட்டத்தில் அவர் பாட்டு முறை மறையுமாயின், அப்பழி பாடுவோரைச் சாராது. கேட்டும் எழுதி வையாத நம்மையே சாரும்.