வேலை மாறினாலும் சேமலாப நிதி நம் கையை விட்டுப் போகக்கூடாது

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் எமது அமைப்பாளர் ஆற்றிய உரை)



சம்பள உயர்வு பற்றி இன்று நாங்கள் பேசப்போவதில்லை. அது வேறு போராட்டம். நாம் ஏற்கனவே உழைத்து, நமது பெயரிலே சேர்ந்திருக்கும் காசை எப்படித் தொலைக்காமல் காப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

நமது அப்பா அம்மா காலத்தில் ஒரே தோட்டம், ஒரே செக்ரோல். பெயர் பதிந்த நாள் முதல் ஓய்வு பெறும் நாள் வரை ஒரே சேமலாப நிதி இலக்கம். இன்றைய பிள்ளைகளின் கதை அப்படியல்ல. சாதாரண தரம் எழுதிய கையோடு கொழும்பில் கடை வேலைக்குப் போகிறார்கள். பிறகு கார்மெண்ட், பிறகு தோட்டத்திலேயே கைகாசு வேலை, பிறகு வெளிநாடு. நாற்பது வயதுக்குள் நான்கைந்து முதலாளிமார். எத்தனை இடத்தில் காசு பிடித்தார்கள், எந்த இலக்கத்தில் கட்டினார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

முதலில் கணக்கைத் தெரிந்துகொள்வோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எப்.புக்கு, நமது சம்பளத்தில் 8 வீதம் பிடிக்கிறார்கள். முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். இதற்கு மேல், 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.டி.எப்.புக்கு, முதலாளி 3 வீதம் கட்ட வேண்டும். இந்த 12 வீதத்தையும் 3 வீதத்தையும் நமது சம்பளத்தில் கழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

நாள் சம்பளம் 1,350 ரூபா, மாதம் 20 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 27,000 ரூபா. இதில் நமது 8 வீதம் 2,160. முதலாளியின் 12 வீதம் 3,240. மொத்தம் 5,400 ரூபா நமது ஈ.பி.எப். கணக்கில் சேர வேண்டும். ஈ.டி.எப். 810 ரூபா தனி. ஒரு முதலாளி மூன்று வருடம் ஈ.பி.எப். கட்டாமல் ஏமாற்றினால் வட்டி இல்லாமலே 1,94,400 ரூபா போய்விடும். பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக் கூரைக்கும் உதவக்கூடிய காசு அது.

வேலை மாறும்போது மூன்று வகைக் காசு மூன்று விதமாக நடந்துகொள்ளும். நமது ஆட்கள் இதைத்தான் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, ஈ.பி.எப். வேலையை விட்டதற்காக மட்டும் அதை எடுக்க முடியாது. ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது ஆகி, வேலையிலிருந்து விலகிய பிறகே எடுக்கலாம். அதுவரை காசு மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கும், வட்டியும் சேரும். “அந்தக் கடையை விட்டு வந்துவிட்டேன், காசு போய்விட்டது” என்று சொல்வது தவறு. காசு போகவில்லை. அது எந்த இலக்கத்தில் கிடக்கிறது என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

இரண்டு, ஈ.டி.எப். வேலையை விட்டு விலகினால் இதை எடுக்கலாம். ஒருமுறை எடுத்தால் அடுத்த முறை எடுக்க ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். அவசரம் இல்லாவிட்டால் தொடாமல் விடுவதே நல்லது.

மூன்று, சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் இதற்குரியது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் முடித்திருந்தால், நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் கிடைக்கும். நான்கு வருடம் பத்து மாதத்தில் கோபித்துக்கொண்டு வந்துவிட்டால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே விலகல் கடிதம் கொடுக்கும் முன் வேலைக்குச் சேர்ந்த திகதியைப் பாருங்கள். இன்னும் இரண்டு மாதம்தான் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிட்டு வாருங்கள்.

இப்போது நம் ஆட்கள் எங்கெங்கே ஏமாறுகிறார்கள் என்று பார்ப்போம்.

கொழும்புக் கடைக்குப் போகும் தம்பிமாரிடம் முதலாளி சொல்வது இது: “முதல் ஆறு மாதம் பார்ப்போம், நிரந்தரமாக்கிய பிறகு ஈ.பி.எப். போடுவோம்.” சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். தற்காலிக ஊழியர், பயிலுனர், துண்டு வேலைக்காரர் எல்லோருக்கும் அது பொருந்தும். முதலாளி நமது 8 வீதத்தைப் பிடிக்காமல் விட்டிருந்தாலும், மொத்தம் 20 வீதத்தையும் செலுத்தும் பொறுப்பு அவருடையதே. ஒரு மாதத்துக் காசை அடுத்த மாத முடிவுக்குள் கட்டிவிட வேண்டும். தாமதித்தால் 5 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விழும்.

வீட்டு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார் ஒன்றை மனதில் வையுங்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறபோதே வீட்டு வேலையை வெளியே விட்டுவிட்டது. அங்கே உழைத்த வருடங்களுக்குச் சேமலாப நிதி சேராமலே போயிருக்கிறது. கடையில் 2,000 ரூபா குறைவு என்று பார்த்து வீட்டு வேலைக்குப் போகும் முன் இதையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது தோட்டத்துக்குள்ளேயே நடக்கும் மாற்றம். செக்ரோலில் இருந்த பெயரை எடுத்துவிட்டு, கைகாசுக்குக் கொழுந்து எடுக்கச் சொல்கிறார்கள். சில இடங்களில் தேயிலை மலையைப் பிரித்துக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். அதே மலை, அதே செடி, அதே கூடைதான். ஆனால் காகிதத்தில் நாம் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடுகிறது. கையில் வருவது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். 12 வீதமும் 3 வீதமும் நின்று போனது தெரியாது. எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: என் சேவைக்காலம் இதோடு முடிகிறதா? அதுவரைக்கும் உள்ள சேவைக்காலப் பணம் எப்போது கிடைக்கும்? இனி என் ஈ.பி.எப். யார் கட்டுவது? பதிலை எழுத்தில் கேளுங்கள். பதில் வரும் வரை கையெழுத்து வேண்டாம். தலைவரிடம் காட்டுங்கள்.

தோட்டம் கைமாறும்போதும் கவனம் தேவை. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனதை நமது பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். நிர்வாகம் மாறினால் தொழில் தருநர் இலக்கமும் மாறலாம். பழைய இலக்கம், புதிய இலக்கம் இரண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

கல்யாணம் முடித்து வேலையை விடும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. திருமணம் முடித்து ஐந்து வருடத்துக்குள் வேலையை விட்டால் ஈ.பி.எப். எடுக்க வழி உண்டு. ஆனால் இன்று எடுத்துச் சீர்வரிசைக் கடனை அடைத்தால், ஐம்பது வயதில் அந்தக் காசு இருக்காது. உங்கள் பெயரில் உள்ள சேமிப்பு அது. முடிவை நீங்களே எடுங்கள். வேறு யாரும் அவசரப்படுத்த இடம் கொடுக்க வேண்டாம். மத்திய கிழக்குக்கு ஒப்பந்த வேலைக்குப் போவது நிரந்தரமாக நாட்டை விட்டுப் போவதாகாது. அதற்காக ஈ.பி.எப். தர மாட்டார்கள். காசு இங்கேயே இருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தலையிடி பெயர். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, செக்ரோலில் கூப்பிடும் பெயர். சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்தில் எழுதி, மறுபடி தமிழுக்கு வரும்போது ஆளே மாறிப்போகிறார். பாடசாலையில் பிள்ளைகளைச் சேர்க்கும்போதே நாங்கள் இதைப் பார்க்கிறோம். வேலையில் இருக்கும்போதே தோட்டக் காரியாலயத்தில் கேட்டுத் திருத்துவது இலகு. முப்பது வருடம் கழித்து, மூடிப்போன கடையின் முதலாளியைத் தேடித் திருத்துவது முடியாத காரியம்.

ஆகவே நாங்கள் சொல்வது இதுதான்.

வேலைக்குச் சேரும்போது: அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரையும் இலக்கத்தையும் கொடுங்கள். அங்கத்துவப் பதிவுப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்களா என்று பாருங்கள். நமக்குப் பின் காசு யாருக்கு என்று பின்னுரித்தாளரின் பெயரை எழுதுங்கள். பழைய வேலையில் எழுதியிருந்தாலும் புதிய கணக்குக்கு மறுபடி எழுத வேண்டும்.

வேலையில் இருக்கும்போது: சம்பளத் துண்டில் ஈ.பி.எப். கழித்திருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். கழித்ததாலேயே கட்டிவிட்டதாக ஆகாது. மத்திய வங்கியின் கணக்குக் கூற்றைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். குறைந்தால் சங்கத்திடம் வாருங்கள், தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்வோம்.

வேலையை விடும்போது: தொழில் தருநர் இலக்கம், அங்கத்துவ இலக்கம், சேர்ந்த திகதி, விலகிய திகதி, இந்த நான்கும் இல்லாமல் வெளியே வராதீர்கள். பி காட்டையும் கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டையும் பத்திரப்படுத்துங்கள். பல இலக்கங்களில் கிடக்கும் கணக்குகளை ஒன்றாக்க விண்ணப்பிக்கலாம்.

ஒன்றாக்குவதால் இன்னொரு நன்மையும் உண்டு. பத்து வருடம் பங்களித்து, கணக்கில் 3 இலட்சம் ரூபாவாவது இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க வழியிருக்கிறது. காசு நான்கு இலக்கத்தில் சிதறிக் கிடந்தால் அந்தத் தகுதியைக் காட்டுவதே பெரும்பாடு.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அப்பியாசக் கொப்பி வையுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். எந்த வேலை, எந்த இலக்கம், எந்தத் திகதி என்று எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இது நல்ல கணக்குப் பாடமும்கூட.

தலைவர்மாரும் தலைவிமாரும் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, தங்கள் தோட்டத்தில் வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளின் பட்டியலோடு வாருங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர்கள் ஊருக்கு வருவார்கள். அந்த நாட்களில் பி காட்டோடும் சம்பளத் துண்டோடும் சங்கக் காரியாலயத்துக்கு வரச் சொல்லுங்கள். நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தருகிறோம்.