தாம்பரத்தில் வாடகை வீடு: சட்டமும் வழக்கமும்



தாம்பரம் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டு 2021-இல் மாநகராட்சியானது. சென்னையின் 200 வார்டுகளோடு ஒப்பிட்டால் 70 வார்டுகளே கொண்ட சிறிய மாநகரம்தான் என்றாலும், தென் சென்னைப் புறநகரில் வீடு தேடுவோரின் நாவில் முதலில் வரும் பெயர்களுள் ஒன்றாக அது இருப்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. 1931-இல் சென்னைக் கடற்கரையிலிருந்து இவ்வூர் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டு இங்கே குடிபெயர்ந்தது. 1984-இல் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் அமைந்தது. 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. 2023-இன் இறுதியில் சற்றுத் தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. ரயிலும் கல்லூரியும் தொழிற்பேட்டையும் மருத்துவமனையும் பேருந்தும் அடுத்தடுத்து வந்தபோது, அவற்றில் படிக்கவும் உழைக்கவும் சிகிச்சை பெறவும் வந்தவர்களுள் பெரும்பாலோர் சொந்த வீட்டோடு வரவில்லை. இன்று தாம்பரம் என்று அறியப்படும் ஊர், குடியிருக்க இடம் கேட்டு வந்தவர்களாலும் அவர்களுக்கு இடம் கொடுத்தவர்களாலும் சேர்ந்து உருவான ஊர்.

அப்படி வருகிற ஒருவர் வீடு தேடும் முறையில் பொது நிறுவனம் எதற்கும் பங்கில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ரயில் பாதையும் ஜி.எஸ்.டி. சாலையும் ஊரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்திருக்க, கிழக்கே சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் என்றும் மேற்கே முடிச்சூர் சாலை என்றும் தெருத் தெருவாக நடந்து, வாயிற்கதவில் தொங்கும் டு-லெட் பலகையைப் பார்த்தும், மளிகைக் கடைக்காரரிடமும் இஸ்திரி போடுபவரிடமும் விசாரித்தும், முடியாதபோது ஒரு மாத வாடகையைத் தரகாகப் பேசிப் புரோக்கரை நாடியும் வீடு கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. கைபேசிச் செயலிகள் வந்த பின்பும் கடைசி முடிவு வாசற்படியில் நடக்கும் நேர்காணலில்தான் ஆகிறது. அந்த நேர்காணலில் கேள்வி கேட்கும் உரிமை பெரும்பாலும் ஒரு தரப்புக்கே இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் குடிவருவோருக்குத்தான் அதிகம். ஆழ்துளைக் கிணற்றின் நீர் உப்பா, கோடையில் லாரித் தண்ணீருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமா, மாதாந்திர மெயின்டனன்ஸ் வாடகைக்குள் அடங்குமா என்பவை அவற்றுள் சில. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க முடியாது. ஆனால் வெளியூரிலிருந்து புதிதாக வருபவருக்கு அந்த நினைவு இல்லை. அடையாற்றின் கரையோரத் தாழ்நிலத்தில் தரைத்தளத்தை வாடகைக்கு விடுபவர், தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்பதைக் கேட்காமலே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தடை அட்வான்ஸ் எனப்படும் முன்பணம். வாடகை உயர்ந்துவிட்டது என்ற குறையே எங்கும் கேட்கிறது. உண்மையில் மாத வாடகையைக் கட்டக்கூடிய குடும்பங்கள் பல, முன்பணத்தைப் புரட்ட முடியாமல்தான் திரும்பிப் போகின்றன. சென்னையிலும் அதன் புறநகரிலும் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நீண்ட கால வழக்கம். அண்மைக் காலமாகச் சிலர் அதை ஐந்தாகவும் ஆறாகவும் குறைத்திருக்கிறார்கள். வாடகை 12,000 ரூபாய் என்று கொண்டால், பத்து மாத முன்பணம் 1,20,000, தரகு 12,000, முதல் மாத வாடகை 12,000 என்று சாமான் ஏற்றும் வண்டிக்குக் கொடுப்பதற்கு முன்பே 1,44,000 ரூபாய் கையில் இருந்தாக வேண்டும். மாதம் முப்பதாயிரம், நாற்பதாயிரம் சம்பளம் வாங்கும் குடும்பம் இத்தொகைக்காக நகையை அடகு வைக்கிறது அல்லது வட்டிக்கு வாங்குகிறது. உரிமையாளரிடம் வட்டியின்றி இருக்கும் அந்தப் பணத்துக்குக் குடியிருப்பவர் வேறொருவரிடம் வட்டி கட்டுகிறார். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகை பிடிக்கப்படுகிறது. மீதியும் அடுத்த குடித்தனக்காரர் வந்து முன்பணம் கொடுத்த பிறகே கைக்கு வருவது பல இடங்களில் நடைமுறை. அதற்குள் அவர் புதிய வீட்டுக்கு மறுபடி ஒரு முன்பணம் கட்டியாக வேண்டும்.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பதைத் தடுத்திருந்தது. அது ஏட்டளவில் நின்றது. அதை நீக்கி, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் மூன்று மாத வாடகையை முன்பணத்தின் எல்லையாக வைக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆனால் இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அந்த எல்லை பொருந்தாது என்ற விலக்கையும் அதே பிரிவு தருகிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் பத்து மாதத்துக்கும் ஒப்புக்கொண்டுதான் கையெழுத்திடுவார். அதை இருதரப்பு இசைவு என்று கொள்வது நியாயமாகாது. 2021-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு முன்மாதிரியாக வகுத்த வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதமே போதும் என்றது. தமிழ்நாட்டுச் சட்டத்தின் அந்த விலக்கு, குடியிருப்பு வீடுகளைப் பொறுத்தவரையிலாவது நீக்கப்பட வேண்டும்.

இச்சட்டத்தின் உயிர்நாடி எழுத்து வடிவ ஒப்பந்தம். பதினொரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், ஓராண்டுக்கு மேல் நீளும் குத்தகையைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் விதித்ததிலிருந்து வந்தது. பதினொரு மாதம் என்று எழுதிவிட்டால் எந்த அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டாம் என்ற நம்பிக்கை அதனால் வேரூன்றிவிட்டது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்டதன்று. காலம் எவ்வளவாயினும் ஒப்பந்தத்தை எழுதி, துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் தெரிவித்து, பதிவு எண் பெற வேண்டும் என்கிறது. இதைச் செய்யாமல் விடுவதால் அதிகம் இழப்பவர் குடியிருப்பவர்தான். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே காரணம் காட்டி வீட்டைத் திரும்பப் பெற உரிமையாளர் விண்ணப்பிக்க இச்சட்டம் இடம் தருகிறது. வாய்ச்சொல்லை நம்பிப் பல்லாண்டு குடியிருக்கும் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தகராறு வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது, வீட்டுக்குள் வருவதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்ற பாதுகாப்புகளும் இதே சட்டத்தில் உள்ளன.

ஒப்பந்தத்தின் பயன் தகராறோடு முடிந்துவிடுவதுமில்லை. சமையல் எரிவாயு இணைப்பு, குடும்ப அட்டையில் முகவரி மாற்றம், வாக்காளர் பட்டியலில் பெயர் ஆகிய ஒவ்வொன்றும் முகவரிச் சான்றைக் கேட்கின்றன. வருமான வரிக் கணக்கு வந்துவிடும் என்ற அச்சத்தால் ரசீது தர மறுக்கும் உரிமையாளர்களும் உண்டு. ஒப்பந்த நகலும் ரசீதும் இல்லாதவர் ஓர் ஊரில் பத்தாண்டு வாழ்ந்தாலும் அவ்வூரின் ஏடுகளில் இல்லாதவராகவே இருக்கிறார். மின்சாரத்திலும் இதே நிலை. வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வழங்கப்படுகிறது; ஒரே இணைப்பில் சப் மீட்டர் வைத்து, அதாவது உட்பிரிவு அளவி வைத்து, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே விலையாக வசூலிக்கும்போது, அரசு தரும் சலுகை குடியிருப்பவரை எட்டுவதில்லை.

பணம் இருந்தும் ஒப்பந்தத்துக்கு ஆயத்தமாக இருந்தும் வீடு கிடைக்காதவர்களைப் பற்றிப் பேசாமல் இவ்வுரையை முடிக்க இயலாது. சைவம் மட்டும் என்ற நிபந்தனை பல வாசல்களில் உணவைப் பற்றியது மட்டுமன்று. அது சாதியையும் மதத்தையும் நேரடியாகக் கேட்காமல் கேட்கும் வழி. பெயரைக் கேட்டதும் வீடு வாடகைக்குப் போய்விட்டது என்று சொல்லப்படும் இசுலாமியர், சொந்த ஊரையும் தெருவையும் துருவிக் கேட்கப்படும் பட்டியல் சாதியினர், கணவர் எங்கே என்று முதலில் கேட்கப்படும் தனித்து வாழும் பெண்கள், மொழி தெரியாத வடமாநிலத் தொழிலாளர்கள் ஆகியோர் இந்த மறுப்பை நாள்தோறும் சந்திக்கின்றனர். அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதி மத வேறுபாட்டைத் தடுக்கிறது; தனியார் வீட்டு வாடகை அப்பட்டியலில் பெயர் சொல்லப்படவில்லை. 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த மறுப்பைக் குற்றமாக்கவில்லை. பணிபுரியும் பெண்களுக்காகத் தாம்பரத்தில் அரசு திறந்திருக்கும் தோழி விடுதி நல்ல தொடக்கம். ஆனால் விடுதி அறை குடும்பத்துக்கு வீடாகாது. சாதியின் பெயரால் வீடு மறுப்பது அநீதி. சட்டம் அதைத் தடுக்கும் வரை காத்திருக்க வேண்டிய தேவை மனசாட்சிக்கு இல்லை.

உரிமையாளர் தரப்பின் அச்சத்தையும், வீட்டு உரிமையாளர்களும் குடித்தனக்காரர்களும் கலந்து அமர்ந்திருக்கும் இந்த அவை மதிக்க வேண்டும். ஓய்வுபெற்ற தம்பதியருக்கு மாடி வீட்டு வாடகைதான் மருந்துச் செலவு. இளம் உரிமையாளருக்கு அது வங்கித் தவணை. பழைய சட்டத்தின் கீழ் குடியிருப்பவரை வெளியேற்ற வழக்கு பல்லாண்டு நீண்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் பத்து மாத முன்பணத்தைக் காப்பாகக் கருதுவதில் வியப்பில்லை. ஆனால் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வாடகை நீதிமன்றத்தை நாடும் வழியைப் புதிய சட்டம் தந்துவிட்டது. அவ்வழி பதிவுசெய்த ஒப்பந்தம் உள்ளவர்களுக்கே எளிது. உரிமையாளரின் அச்சத்துக்கும் குடித்தனக்காரரின் அச்சத்துக்கும் மருந்து ஒரே தாளில்தான் இருக்கிறது.

ஆகவே இந்த அவையின் வழியாக மாநகராட்சிக்கு வைக்கப்படும் வேண்டுகோள் இது: சொத்து வரி கட்ட மக்கள் வந்து நிற்கும் மண்டல அலுவலகம் ஒவ்வொன்றிலும், வாடகை ஒப்பந்தத்தை எழுதவும் இணையவழியில் பதியவும் உதவும் தமிழ் உதவி மேசை ஒன்றை அமைக்க வேண்டும், வெள்ளம் சூழும் தெருக்களின் பட்டியலை அங்கேயே ஒட்டி வைக்க வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் வீட்டு உரிமையாளர்கள், அடுத்த குடித்தனத்துக்கு மூன்று மாத முன்பணமே வாங்குவது என்றும், சாதியும் மதமும் கேட்பதில்லை என்றும், ஒப்பந்தத்தின் ஒரு படியைக் கையெழுத்திட்டுக் குடிவருவோர் கையில் கொடுப்பது என்றும் இன்றே முடிவுசெய்ய வேண்டும்.