திரைத்துறை புக விழையும் இளைஞர்க்கு

(இளையோர் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கணம் நடத்தும் ஓர் ஆசிரியனைத் திரைப்படம் பற்றிப் பேச அழைத்திருக்கின்றீர்கள். 'திரைப்படம் தமிழைக் கெடுத்தது. அப்பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்' என்று சொல்லி நான் அமர்ந்துவிடுவேன் எனச் சிலர் எதிர்பார்த்திருக்கலாம். அதனை நான் சொல்லப் போவதில்லை. பொத்தகம் நுழையாத வீட்டிலும் திரைப்படம் நுழைகின்றது. நான் முப்பதாண்டாகப் பாடம் சொன்ன மாணாக்கர் எல்லாரையும் கூட்டினாலும், ஒரு படத்தை ஒரே நாளிற் காண்போர் தொகைக்கு ஈடாகார். அவ்வளவு பெரிய வகுப்பறையை நாம் விட்டுவிட்டு வந்தால் பிறர் புகுந்துகொள்வர், புகுந்துகொண்டுமிருக்கின்றனர். ஆகலின், போங்கள். போகும்போது கையில் எதனை எடுத்துச் செல்கின்றீர்கள் என்பதே என் கேள்வி.

1952-இல் 'பராசக்தி' வெளிவந்தபொழுது, அதற்கு உரையாடல் எழுதிய கலைஞர் மு. கருணாநிதிக்கு அகவை 28. அப்படத்தின் வழியே திரைக்கு வந்த சிவாசி கணேசனுக்கு 24. படப்பிடிப்புக் கருவியும் அவர்களுடையதன்று. போட்ட முதலும் அவர்களுடையதன்று. நாடக மேடையிற் பழகிய நாவும் எழுதுகோலுமே அவர்கள் கொண்டுவந்த முதல். மக்கள் அவ்வுரையாடலை நெட்டுருச் செய்து தெருவெல்லாம் சொல்லித் திரிந்தனர். ஆனால், அதனையே நீங்களும் திரும்பச் செய்யுங்கள் என்று நான் கூறேன். அது மேடைத்தமிழ் திரையேறிய காலம். அவர்கள் தம் காலத்துக்குத் தம்மிடமிருந்த வலிமையைக் கொண்டு வந்தனர். நீங்கள் உங்கள் காலத்துக்கு உரியதைக் கொண்டுவர வேண்டும்.

இருபத்து நான்கிலேயே எல்லார்க்கும் கதவு திறந்துவிடுவதில்லை. இயக்குநர் மகேந்திரனை எண்ணிப் பாருங்கள். இளையான்குடியிற் பிறந்தவர். காரைக்குடி அழகப்பா கல்லூரியிற் பயின்ற நாளில், விருந்தினராக வந்திருந்த ம.கோ. இராமச்சந்திரன் முன்னிலையிலேயே, திரைப்படங்களிற் காட்டும் காதல் எவ்வளவு பொய்யானது என்று துணிந்து பேசினார். வந்தவர் சினங்கொள்ளவில்லை, பாராட்டினார். பின்னர்ச் சென்னைக்கு வந்த அவ்விளைஞரிடமே 'பொன்னியின் செல்வன்' புதினத்தைத் திரைக்கதையாக்கும் பணியை ஒப்படைத்தார். எழுதி முடித்தும் அப்படம் எடுக்கப்படவே இல்லை. முதற்பெரும் பணி தாளோடு நின்றுபோயிற்று. வேறொருவராயின் ஊர் திரும்பியிருப்பார். அவரோ தாளிகைகளில் எழுதினார். 1966-இல் 'நாம் மூவர்' படத்துக்குக் கதை தந்தார். 1974-இல் 'தங்கப்பதக்கம்' அவரை உரையாடல் வல்லுநராக நாடறியச் செய்தது. முதன்முதலாக ஒரு படத்தை அவர் இயக்கியது 1978-இல், 39-ஆம் அகவையில்.

இங்கேதான் நான் வியக்கின்றேன். உரையாடலாற் புகழ்பெற்ற அவர், தாமே இயக்கத் தொடங்கியதும் உரையாடலைக் குறைத்துவிட்டார். 'முள்ளும் மலரும்' படத்தில் அண்ணன் தங்கையர் அன்பு பெரும்பாலும் முகத்திலும் நடையிலுமே வெளிப்படும். 'உதிரிப்பூக்கள்' படத்தின் முடிவைக் கண்டவர் மறவார். ஊரே ஆற்றங்கரையில் வாய்திறவாது நிற்கும். கொடியவன் நீரில் இறங்குவான். தாயற்ற இரு குழந்தைகள் கரையில் நிற்பர். அவ்விடத்தில் நீண்ட உரையொன்றை எழுத அவர்க்குத் தெரியாதா? சொல்லின் ஆற்றலை முழுதும் அறிந்தவனால்தான் சொல்லை நிறுத்திவைக்க முடியும். இன்னொன்றும் கருதுக. முன்னதற்கு வேர் உமாசந்திரன் எழுதிய புதினம். பின்னதற்கு வேர் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. இரண்டும் தமிழ்ப் பொத்தக அடுக்கிலிருந்து பிறந்த படங்கள். வெளிநாட்டுப் படங்களை இரவெல்லாம் பார்க்கும் நீங்கள், பகலில் ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுதியையேனும் திறக்கின்றீர்களா?

நீங்கள் எழுதிய திரைக்கதைத் தாள்கள் சிலவற்றைப் பார்த்தேன். காட்சிக் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கின்றது. உரையாடல் தமிழ்தான், எழுத்தோ ஆங்கில எழுத்து! தட்டச்சுக்கு எளிது என்கின்றீர்கள். 'வாலி', 'வாளி', 'வாழி' மூன்றையும் அவ்வெழுத்தில் எழுதிப் பாருங்கள். மூன்றும் ஒன்றாய்ப் போகும். ஒரு தாளில் பாட்டி பேரனை வாழ்த்துகின்றாள். படிப்பவர்க்கோ அவள் தண்ணீர் இறைக்கும் வாளியைக் கேட்பதாகவே தோன்றும். தமிழறியாத நடிகர் அதனைப் படித்து வாயசைக்கின்றார். பிறகு வேறொருவர் பின்னணிக் குரல் கொடுத்து ஒட்டுப்போடுகின்றார். பிழை நடிகரிடம் தொடங்கவில்லை. எழுதிய தாளில் தொடங்கிற்று. கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் தமிழ் விசைப்பலகை இருக்கின்றது. ஒரு கிழமை பழகினால் விரல் தானே போகும்.

தனித்தமிழன்பர் என்பதால், கதைமாந்தர் எல்லாரையும் செந்தமிழில் பேசவைக்க வேண்டுமென நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். மீன்பிடிப்பவர் வாயில் பண்டிதர் நடை வந்தால் அரங்கம் சிரிக்கும், சிரிக்கத்தான் வேண்டும். அவரை அவர் மொழியில் பேசவிடுங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்திருப்பவர் அவர். நெசவாளியிடம் பாவும் ஊடையும் இருக்கின்றன. உழவரிடம் மடையும் மதகும் நாற்றங்காலும் பொலியும் இருக்கின்றன. நாம் அகரமுதலியில் தேடும் சொற்களை அவர்கள் நாள்தோறும் புழங்குகின்றனர். வட்டார வழக்கு தமிழுக்குப் பகையன்று. இரண்டு சொல்லுக்கு ஒரு சொல் ஆங்கிலம் கலந்து, எவ்வூரிலும் எவரும் பேசாத ஒன்றை 'இயல்பான பேச்சு' என்று எழுதுகின்றார்களே, அதுதான் பகை.

2006-இல் தமிழில் பெயர் சூட்டிய படங்களுக்குத் தமிழக அரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. நல்ல நோக்கம், நாமும் வரவேற்றோம். படமுதலாளிகள் விரைந்து பெயர் மாற்றினர். 'எம்டன் மகன்' இரண்டு எழுத்தை உதறி 'எம் மகன்' ஆயிற்று. ஆனால், பெயர்ப்பலகை மாறிய வீட்டுக்குள் பேச்சு மாறவில்லை. 2017-இல் சரக்கு-சேவை வரி வந்தபின் அவ்விலக்குக்கு இருந்த பழைய ஈர்ப்பும் போயிற்று. ஆங்கிலப் பெயர்கள் தயக்கமின்றித் திரும்பி வந்தன. வரிக்காக வந்த தமிழ் வரியோடு போகும். எழுதுபவன் உள்ளத்திலிருந்து வந்தாலன்றி அது நிலைக்காது.

இனித் தொழிலுக்கு வருவோம். சென்னைத் தரமணியில் அரசே நடத்தும் திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கின்றது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் ஆகியவற்றை அங்கு முறையாகக் கற்கலாம். அடையாற்றில் இருந்த அந்நிறுவனத்திற் பயின்ற உருத்திரையாதான் 1978-இல் 'அவள் அப்படித்தான்' எடுத்தவர். மட்டக்களப்புப் பகுதியிலிருந்து வந்த பாலுமகேந்திரா புனே நிறுவனத்தில் ஒளிப்பதிவு பயின்றவர். 'முள்ளும் மலரும்' அவர் ஒளிப்பதிவே. எல்லாரும் இயக்குநராக வேண்டுமென்றே வருகின்றீர்கள். ஒலிப்பதிவு கற்க வருகின்றேன் என்று ஒருவரேனும் சொல்லக் கேட்டிலேன்! புதியவர் எடுக்கும் குறும்படங்களிற் பெரும்பாலானவற்றைக் கெடுப்பது படமன்று, ஒலி. ஒலிவாங்கியைப் பேசுபவர்க்கு அருகில் வைக்காமல், காற்றையும் ஊர்தி இரைச்சலையும் பதிந்துகொண்டு வருகின்றனர்.

குறும்படம் இன்று ஒரு வாயில். 2009-இல் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சிப் போட்டியிற் குறும்படம் எடுத்தவர்களே கார்த்திக் சுப்பராசும் நலன் குமாரசாமியும். முன்னவரின் முதற்படம் 2012-இல் வந்தது. அதற்கு ஓர் அயல்நாட்டு அப்பத்தின் பெயர். பின்னவரின் முதற்படம் 2013-இல் வந்தது. அதன் பெயர் 'சூது கவ்வும்'. எதனை நான் விரும்பினேன் என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், இரண்டும் ஓடின.

மற்றொரு வாயில், உதவி இயக்குநராகச் சேர்வது. புதியவன் கையில் முதலில் எடுப்பு எண் எழுதிய பலகையைக் கொடுப்பார்கள். 'கிளாப்பு' என்பது அவர்கள் வழக்கு. அடுத்துத் தொடர்ச்சிக் குறிப்பு. கதையின் வரிசைப்படி படம் பிடிப்பதில்லை. ஒரு வீட்டில் நிகழும் காட்சிகள் அனைத்தையும், கதையிற் பத்தாண்டு இடைவெளி இருப்பினும், சேர்த்தே எடுத்துவிடுவர். ஆகவே, முன் எடுப்பில் சட்டைக்கை மடித்திருந்ததா, குவளையில் தண்ணீர் எவ்வளவு, நெற்றியில் பொட்டு இருந்ததா என்றெல்லாம் எழுதிவைக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். எனினும், எழுவாயும் பயனிலையும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. என் மாணாக்கர் இதனை எளிதிற் கற்றுக்கொள்வர்.

பெற்றோர் சிலரும் அமர்ந்திருக்கின்றீர்கள். உங்கள் அச்சம் வீணன்று. உதவி இயக்குநர்க்குப் பல இடங்களில் ஒழுங்கான ஊதியம் இல்லை. 'பேட்டா' எனப்படும் நாட்படியே வருவாய், அதுவும் படப்பிடிப்பு நடக்கும் நாளில் மட்டும். ஒரு படம் நின்றுபோனால் அதுவும் இல்லை. பல ஆண்டுகள் கதைத்தாளோடு படியேறி இறங்கியவர் பலர். அவர்கள் பெயரை எவரும் அறியார். ஆகவே, தம்பியரே தங்கையரே, படிப்பை இடையில் முறித்துக்கொண்டு தொடர்வண்டி ஏறாதீர்கள். படத்தொகுப்போ ஒலிப்பதிவோ, கூலி கிடைக்கும் ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொண்டு போங்கள். திருமண நிகழ்ச்சிக்குப் படத்தொகுப்புச் செய்து வாடகை கட்டுவது இழிவாகாது. பெண்மக்கள், எந்த இடம், யாருடைய படம், எழுத்துமூலம் ஒப்பந்தம் உண்டா என்று கேட்டறிந்த பின்னரே செல்லுங்கள். கேட்பதற்குச் சினப்பவனிடம் வேலைக்குச் சேர வேண்டா.

மாலை அமர்வுக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கின்றேன். இவ்வூர்ச் சந்தையில் ஒரு மணிநேரம் நின்று, இருவர் விலைபேசுவதைக் கேட்டு, கேட்டபடியே தமிழ் எழுத்தில் ஒரு பக்கம் எழுதி வாருங்கள். பிறகு, அதே காட்சியை ஒரு சொல்லும் இல்லாமல், கையும் கண்ணும் மட்டும் பேசுமாறு மற்றொரு பக்கத்தில் எழுதுங்கள். நான்கு மணிக்கு இரண்டையும் சேர்த்துப் படிப்போம். பிழை திருத்தச் சிவப்பு மை கொண்டுவந்திருக்கின்றேன்.